ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள், இனி எங்கே போவது?

கரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"மேடம், வணக்கம். கல்யாணமாகி 15 வருஷம் ஆகிறது. கணவர் அரசு ஊழியர். மகன் எட்டாவது படிக்கிறான், 13 வயது. மகளுக்கு 9 வயது. குடித்தால்தான் அடிப்பார் என்றெல்லாம் இல்லை, சும்மாவே அடிப்பார். மகளிர் ஸ்டேஷனுக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை ஒரு ரசீது கொடுத்தார்கள். அடுத்த தடவை இருவரையும் உட்கார வைத்துப் பேசி, இனி அடிக்க மாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கி, என்னிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். பத்து நாளில் மறுபடி அடி. தோள்பட்டை வீங்கிவிட்டது. தனியார் ஆஸ்பத்திரியில் படியில் விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். மூன்று மாதமாக அம்மா வீட்டில் இருக்கிறேன். 22 பவுன் நகை, என் ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் அங்கே. வீடு மாமியார் பெயரில் இருப்பதால் உனக்கு இங்கே என்ன பாத்தியதை என்று கேட்கிறார்கள். ராத்திரியில் நடந்ததை எழுத முடியவில்லை. அண்ணன் அனுசரித்துப் போ என்கிறான். கேஸ் போட்டால் அவர் வேலை போய்விடும், உனக்கும் ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள். சட்டம் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது எங்கே இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரியவில்லை."

சகோதரி,

கடைசி வரிக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. அடி உதையோடு, கேவலமாகத் திட்டுவது, செலவுக்குப் பணம் தராமல் இழுத்தடிப்பது, நகையைப் பிடித்து வைத்துக்கொள்வது, நீங்கள் எழுத முடியாமல் விட்ட அந்த ராத்திரிக் கொடுமை, எல்லாமே அந்தச் சட்டத்தில் வன்முறைதான். நீங்கள் இரண்டு தடவை அலைந்தும் அந்தச் சட்டத்தின் வாசலையே யாரும் உங்களுக்குக் காட்டவில்லை. சென்னையில் 1992-ல் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்ததிலிருந்து, நம் ஊரில் அடி வாங்கிய பெண்ணுக்கு எல்லோரும் கைகாட்டும் இடம் அது ஒன்றுதான். ஆனால் 2005 சட்டத்துக்கான வாசல் மாஜிஸ்திரேட் கோர்ட். அங்கே கொண்டுபோய் விட வேண்டியவர் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர். அவர் கலெக்டர் அலுவலக வளாகத்தில், மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இருப்பார்.

இதை உங்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை அந்த ஸ்டேஷனுக்கே இருந்தது. சட்டத்தின் 5-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: புகாரோடு வரும் பெண்ணிடம், கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இலவச வக்கீல் கிடைப்பார், தனியாகக் குற்றப் புகாரும் கொடுக்கலாம் என்று போலீஸ் அதிகாரி எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால்? அவருக்கு என்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. பாதுகாப்பு அலுவலர் கடமை தவறினால் ஓராண்டு வரை சிறை என்று ஒரு பிரிவு இருக்கிறது, ஆனால் மாநில அரசு முன் அனுமதி தந்தால்தான் வழக்கே நகரும். அந்த அனுமதிக்காக நாயாய் அலையப் போவது யார், நீங்களா?

முதல் தடவை தந்த அந்த ரசீது என்ன என்று சொல்கிறேன். அது சி.எஸ்.ஆர். உங்கள் மனு வந்தது என்பதற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். வேறு. சி.எஸ்.ஆர். போட்டுக் கூப்பிட்டுப் பேசி, எழுதி வாங்கி, 'மனு முடிக்கப்பட்டது' என்று பதிவேட்டில் மூடிவிடுவார்கள். ஸ்டேஷன் கணக்கில் உங்கள் பிரச்சினை அன்றோடு தீர்ந்துவிட்டது. கோபம் வருகிறதா? வரட்டும், ஆனால் அந்த ரசீதைக் கிழித்து மட்டும் போட்டுவிடாதீர்கள். "இனி அடிக்க மாட்டேன்" என்று அவர் தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவரை அடித்தேன் என்று அவரே ஒத்துக்கொண்டதற்கு இதைவிட நல்ல சாட்சி எதுவும் இல்லை. சி.எஸ்.ஆர். எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள், ஸ்டேஷனில் இருக்கும் அந்த எழுத்தைக் கோர்ட் மூலமாக வரவழைக்கலாம்.

படியில் விழுந்தேன் என்று சொன்னதற்காக உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் முதல் தடவை அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், கூடவே கணவர் நிற்கும்போது வேறு எதைச் சொல்வது? இனி ஒரு தடவை நடந்தால் (நடக்கக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்) நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டூட்டி டாக்டரிடம் யார் அடித்தது, எதனால் அடித்தது, எந்த நேரம், எங்கே என்பதைச் சொல்லுங்கள். அவர் விபத்துப் பதிவேட்டில் அதையே எழுதுவார், 'தெரிந்த நபர் ஒருவர் கையால் தாக்கியதாக' என்று ஒரு வரி. வக்கீல்கள் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது இதைத்தான். காயத்தின் அளவு, நிறம், இருக்கும் இடம் எல்லாம் அதில் இருக்கும். பிற்பாடு குறுக்கு விசாரணையில் எதிர்த் தரப்பு வக்கீல் எவ்வளவு கத்தினாலும் அந்த வரி அழியாது. பழைய தனியார் ஆஸ்பத்திரி சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள், தேதி பொருந்தும். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் இருந்தால் அந்த போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம், கோர்ட்டில் மின்னணுச் சாட்சிக்கான சான்றிதழோடு தாக்கல் செய்ய அது தேவைப்படும். பத்து வருஷத்துக்கு முந்தைய சம்பவத்தை எல்லாம் சொல்லலாமா என்று தயங்க வேண்டாம். ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று முன்பு வாதாடிக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன காமாட்சி எதிர் லட்சுமி நாராயணன் வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் காலக்கெடு, இந்தச் சட்டத்தின் 12-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் போடும் மனுவுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது.

சரி, மனு. பாதுகாப்பு அலுவலரைப் பார்த்துக் குடும்ப வன்முறை அறிக்கை ஒன்றைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆனால் அவரையே நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். பெரும்பாலும் ஒரு மாவட்டத்துக்கே ஒருவர், அவர் தலையில் வேறு வேலைகளும் கிடக்கும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே இதைப் பார்த்துவிட்டு, தாலுகா அளவிலும் அதிகாரிகளைப் பாதுகாப்பு அலுவலர்களாக நியமிக்கச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது, சட்டம் வந்து கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து! அவருடைய அறிக்கை இல்லாமலேயே நீங்கள் நேரடியாக மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம், இதையும் 2022-ல் பிரபா தியாகி வழக்கில் உறுதி செய்துவிட்டார்கள். இன்னொன்று, கணவர் ஊர்க் கோர்ட்டுக்குப் போய் அலைய வேண்டியதில்லை. நீங்கள் இப்போது தற்காலிகமாக இருக்கும் அம்மா வீட்டு ஊரின் கோர்ட்டிலேயே போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண் என்றாலே இலவச வக்கீலுக்குத் தகுதி உண்டு, வருமானச் சான்று கேட்டால் தேவையில்லை என்று சொல்லுங்கள்.

மனுவில் என்ன கேட்கிறீர்கள் என்பதில்தான் முக்கால்வாசி வழக்கு இருக்கிறது. அச்சடித்த படிவம் மாதிரி ஒரு மனுவைப் போட்டு, 'தகுந்த நிவாரணம் வழங்குமாறு' என்று முடித்துவிடுகிற வக்கீல்கள் உண்டு. விடாதீர்கள். இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனில் விட முடியாத குற்றம் என்றெல்லாம் 31, 32-வது பிரிவுகளில் இருக்கிறதே, அது 'பாதுகாப்பு உத்தரவு' என்று பெயர் உள்ள உத்தரவுக்கு மட்டும்தான். மாதம் இவ்வளவு கொடு என்ற பண உத்தரவை மீறினால் அந்தப் பிரிவு பொருந்துமா என்பதில் ஐகோர்ட்டுகள் இரண்டு விதமாகப் பேசியிருக்கின்றன. நடைமுறையில் என்ன ஆகிறதென்றால், 8,000 ரூபாய் உத்தரவு வாங்கிய பெண் ஆறு மாதம் பணம் வராமல் ஸ்டேஷனுக்குப் போவாள், அது கோர்ட் விஷயம் என்பார்கள். கோர்ட்டுக்கு வந்தால் நிறைவேற்று மனு தனியாகப் போடு என்பார்கள், அதற்கு நோட்டீஸ், அதற்கு வாய்தா. அதனால் பாதுகாப்பு உத்தரவு கேட்கும் பத்தியிலேயே பொருளாதார வன்முறை செய்யக்கூடாது, ஜீவனாம்சத்தை நிறுத்தக்கூடாது, நகையையும் சொத்தையும் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்று சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் வக்கீலுக்கு இது புதிதாக இருந்தால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

மனு வந்து மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 60 நாளில் முடிந்த வழக்கைத் தேடித்தான் பார்க்க வேண்டும், வருஷக்கணக்கில் போகும். அவர் நோட்டீஸ் வாங்காமல் இழுப்பார், வாங்கினால் பதிலுரை போட நேரம் கேட்பார், அதற்குள் மாஜிஸ்திரேட் மாறுதலாகிப் போவார். ஆகவே முக்கிய மனுவோடு சேர்த்து அன்றே 23-வது பிரிவில் இடைக்கால மனுவும் போட்டுவிடுங்கள். உங்கள் பிரமாணப் பத்திரத்தை மட்டும் வைத்தே, எதிர்த் தரப்பு வராமலேயே இடைக்கால உத்தரவு தர மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேகா தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்கில் இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகப் போட்டாக வேண்டும், பணமும் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்காகும். வாய்தா வாங்கி இழுத்தால் பாக்கி ஏறிக்கொண்டே போகும் என்பது அவருக்கும் தெரியட்டும்.

வீட்டு விஷயம். மாமியார் பெயரில் இருப்பதால் உங்களுக்குப் பாத்தியதை இல்லை என்பது 2020 வரை ஓரளவு எடுபட்ட வாதம். 2006 இறுதியில் உச்ச நீதிமன்றம் தந்த பத்ரா தீர்ப்பை வைத்துக்கொண்டு எத்தனையோ மருமகள்களை வெளியே தள்ளினார்கள், அவசர அவசரமாக வீட்டை அம்மா பேருக்கு மாற்றிய மகன்களும் உண்டு. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தூக்கிப் போட்டது. பத்திரம் யார் பேரில் இருந்தாலும் நீங்கள் குடும்பமாக நிலையாக வாழ்ந்த வீடு என்றால் அங்கே வசிக்கும் உரிமை உண்டு. ஆனால் உங்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். மாஜிஸ்திரேட் கணவரை வெளியேறச் சொல்லலாம், மாமியாரை வெளியேறச் சொல்ல முடியாது, பெண்ணை வெளியேற்றும் உத்தரவு கூடாது என்று சட்டமே சொல்கிறது. அடுப்படியில் மாமியார், திண்ணையில் கணவரின் சொந்தக்காரர்கள், கையில் கோர்ட் உத்தரவோடு நீங்கள், இப்படி ஒரு வீட்டுக்குள் நிம்மதியாக எத்தனை நாள் இருக்க முடியும்? வசிக்கும் உரிமை பற்றிய அதே 19-வது பிரிவில், அதே வசதியுள்ள மாற்று வீடு அல்லது அதற்கான வாடகை தரச் சொல்லவும் இடம் இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக்குப் பக்கத்தில் வாடகை வீடு, வாடகையை அவர் கட்ட வேண்டும் என்று கேளுங்கள். நகையையும் சீர்வரிசையையும் திருப்பித் தரச் சொல்லி 19-வது பிரிவிலேயே கேட்கலாம். கல்யாண ஆல்பம், நகைக்கடை பில், அடகு ரசீது, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

சான்றிதழ்களுக்காகப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தாதீர்கள். 14 வயது வரை டி.சி. வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பழைய பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் தளத்தில் பெயரை விடுவிக்க மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் மனுக் கொடுங்கள். உங்கள் ஆதாரை நீங்களே தரவிறக்கிக்கொள்ளலாம், அதில் பதிந்திருப்பது கணவரின் போன் எண் என்றால் முதலில் ஆதார் சேவை மையத்துக்குப் போய் எண்ணை மாற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஒவ்வொரு ஓ.டி.பி.யும் அவர் போனுக்குத்தான் போகும், நீங்கள் எந்த பேங்கில் கணக்குத் திறக்கிறீர்கள் என்பது உட்பட.

அம்மா வீடு என்று ஒன்று உங்களுக்கு இருக்கிறது. அது இல்லாதவர்கள் நிலைமைதான் மோசம். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கலாம், அதன் பிறகு இல்லங்களைத் தேட வேண்டும், 13 வயது மகனைக் கூட்டிக்கொண்டு போனால் பெண்கள் இல்லங்களில் பெரும்பாலும் அவனுக்கு இடம் கிடைக்காது. அவனைத் தனியாக ஒரு விடுதியில் விட்டுவிட்டுத் தாய் தன் பாதுகாப்பைத் தேட வேண்டுமாம். கைவிடப்பட்ட பெண்களுக்கான அரசு உதவித்தொகைக்கோ, விவாகரத்தோ, சட்டப்படி பிரிந்ததற்கான கோர்ட் சான்றோ இருக்க வேண்டும், இல்லையென்றால் குறைந்தது 5 வருடம் பிரிந்திருக்க வேண்டும். கட்டின புடவையோடு வெளியே வரும் பெண்ணுக்குப் பணம் தேவைப்படுவது முதல் ஐந்து மாதத்தில், ஐந்தாவது வருஷத்தில் இல்லை. ரேஷன் கார்டில் உங்கள் பெயரும் பிள்ளைகள் பெயரும் அங்கேயே இருக்கும், அதை நீக்கித் தனிக் கார்டு கேட்டு வட்ட வழங்கல் அலுவலரிடம் மனுக் கொடுக்கும்போது கோர்ட் மனுவின் நகலையும் இணையுங்கள்.

ராத்திரி விஷயத்துக்கு வருகிறேன். 18 வயது கடந்த மனைவியை அவள் சம்மதமில்லாமல் கணவன் நெருங்கினால் அது பாலியல் வல்லுறவு ஆகாது என்ற விதிவிலக்கு பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 63-வது பிரிவில் அதை அப்படியே தூக்கி வைத்துவிட்டார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஆனால் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமை தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. மனுவில் எழுதலாம், எழுதுங்கள், நீட்டி முழக்க வேண்டாம், நான்கு வரி போதும். ஆண் குமாஸ்தாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் பெண் வக்கீல் வேண்டும் என்று சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை, மூடிய அறையில் விசாரிக்கச் சொல்லிக் கேட்க 16-வது பிரிவு இருக்கிறது.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுக்க எடுத்துக்கொண்டால், வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி கேட்டுப் போனவர்கள் 14 சதவீதம்தான். உங்கள் அண்ணனிடம் இதைக் காட்டுங்கள். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. தங்கச்சியையும் இரண்டு பிள்ளைகளையும் காலத்துக்கும் யார் பார்ப்பது என்ற பயத்தில் பேசுகிறார். கோர்ட்டுக்குத் துணைக்கு மட்டும் வரச் சொல்லுங்கள், முதல் இரண்டு வாய்தாவுக்கு.

உத்தரவு கிடைத்ததும் நகலுக்குப் பணம் கட்ட வேண்டாம், 24-வது பிரிவின்படி இலவசம். ஒரு நகல் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டே அனுப்ப வேண்டும். அனுப்பியிருப்பார்கள் என்று நம்பாமல் நீங்களே ஒரு நகலைக் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். ராத்திரி 11 மணிக்கு அவர் வந்து கதவைத் தட்டும்போது 112-க்குப் போன் செய்தால், வருகிற போலீஸ்காரரிடம் காட்ட அந்தச் சீல் வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181-ஐயும் போனில் பதிந்து வையுங்கள்.

வேலை போய்விடும் என்று பயமுறுத்துகிறார்களே, அதைப் பார்ப்போம். குடும்ப வன்முறைச் சட்ட மனு சிவில் தன்மை கொண்டது. மனுப் போட்டதற்காக யாரையும் கைது செய்ய மாட்டார்கள், மனு மட்டும் இருப்பதால் அரசு வேலையும் போகாது. உத்தரவை மீறினால்தான் அவருக்கு ஆபத்து, அது அவர் கையில் இருக்கிறது. சொல்லப்போனால் அரசு ஊழியர் என்பது உங்களுக்குச் சாதகம். சம்பளச் சீட்டை மறைக்க முடியாது. பணம் தராமல் விட்டால் 20-வது பிரிவின் ஆறாவது உட்பிரிவில், சம்பளத்தில் ஒரு பங்கை நேராக உங்களுக்கு அனுப்பும்படி அவருடைய அலுவலகத்துக்கே மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். கூலி வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போகிறவர்களின் மனைவிகளுக்கு இந்த வழி கிடையாது, என்ன உத்தரவு வாங்கினாலும் வசூல் செய்ய ஆள் பின்னால் ஓட வேண்டும்.

கைது, சஸ்பென்ஷன் என்ற பேச்செல்லாம் வருவது கொடுமைக்கான குற்றப் புகாரில்தான். பழைய 498 ஏ, இப்போது நியாய சன்ஹிதாவில் 85-வது பிரிவு, 3 வருடம் வரை சிறை. அதிலும் இன்று யாரையும் எடுத்த எடுப்பில் கைது செய்வதில்லை. அந்தப் புகாரை இப்போதே கொடுக்க வேண்டுமா என்பது உங்கள் முடிவு, மற்றவர்களுடையது இல்லை. என்னைக் கேட்டால், முதலில் மாஜிஸ்திரேட் கோர்ட் மனுவும் இடைக்கால உத்தரவும். அவர் மறுபடி கை ஓங்கினால் அன்றே குற்றப் புகார், ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் ஒரு பிரதி, அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. கடைசிச் சம்பவத்திலிருந்து 3 வருடம் அவகாசம் இருப்பதால், இந்த வாரமே அதை முடிவு செய்தாக வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை.